அப்பாவின் கழுத்துக்குள் காற்று போகும் வழி

அப்பாவின் கழுத்தை நான் முதன்முதலில் உள்ளிருந்து பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மருத்துவமனையில் கொடுத்த சிடி ஸ்கேன் தட்டை அலுவலகக் கணினியில் போட்டதும் சாம்பல் நிறப் படங்கள் நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தன. ஒவ்வொன்றும் கழுத்தைக் குறுக்கே வெட்டிய ஒரு மெல்லிய துண்டு. அப்படிப்பட்ட படங்களைப் பார்ப்பதுதான் என் தொழில். நாலு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனாலும் அன்றைக்கு மௌஸின் மேல் வைத்த கை சற்று நேரம் நகரவில்லை.

நான் விலங்கியல் படித்தவள். கல்லூரியில் ரெக்கார்டு நோட்டில் தவளையின் இதயத்தை வரைந்து கொடுத்தபோது, பேராசிரியர் கையெழுத்துப் போடாமல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "டிரேஸ் எடுத்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பாமல் தன் எதிரில் இன்னொரு தடவை வரையச் சொன்னார். வரைந்தேன். பட்டம் வாங்கியதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் பி.எட். சேரச் சொன்னார்கள். நான் சென்னைக்குப் போய் அனிமேஷன் படித்தேன். ஒரு கேம் கம்பெனியில் இரண்டு வருடம் கத்தியும் கோடாலியும் மூன்று தலை மிருகங்களும் செய்தேன். ஒரு மிருகத்தின் தோள்பட்டைத் தசையை இருக்கவேண்டிய இடத்தில் சரியாக வைப்பதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன் என்று எங்கள் குழுத் தலைவர் கோபித்துக்கொண்டார். "யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரமே புதுச்சேரியில் ஒரு சின்ன ஸ்டுடியோ மருத்துவ அனிமேஷனுக்கு ஆள் தேடுகிறது என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன்.

கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மஞ்சள் வீட்டின் மாடியில் ஸ்டுடியோ. ஏழு பேர். முதலாளி ஒரு சொல்தா குடும்பத்துப் பெண். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்; இவர் பிரான்சுக்குப் போய் மருத்துவப் படம் வரையப் படித்துவிட்டு இங்கே வந்து கடை விரித்திருந்தார். நாங்கள் அவரை மதாம் என்று கூப்பிடுவோம். வேலை பெரும்பாலும் பிரான்சிலிருந்து வரும். செயற்கை இடுப்பு மூட்டு எலும்பில் எப்படி உட்காரும், இதய வால்வை ரத்தக்குழாய் வழியாக எப்படிக் கொண்டுபோய்ப் பொருத்துவது, இப்படி. பார்ப்பவர்கள் அறுவை மருத்துவர்கள். நாங்கள் செய்த உடம்புகளுக்குத் தோல் இருக்காது. இருந்தாலும் வெளிறிய சாம்பல் நிறத்தில், முகமில்லாமல் இருக்கும். அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

எங்கள் வீடு புதுச்சேரியிலேயே, சாரத்தில். அப்பா மில் தொழிலாளியாக இருந்தவர். மில் மூடியதும் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். தெருவில் அவருக்கு வேறு ஒரு வேலையும் உண்டு. கோயில் திருவிழா, கல்யாணம், காது குத்து, எதுவாக இருந்தாலும் மைக்கைப் பிடிப்பவர் அப்பாதான். மில் வாசலில் கோஷம் போட்டுப் பழகிய தொண்டை. மைக் பழுதானாலும் அவர் கவலைப்பட மாட்டார். என் வேலை என்ன என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல எலும்பு வரையுது" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, நானும் சொன்னதில்லை.

அந்தத் தொண்டை கட்டிக்கொண்டது. மாதக்கணக்கில் சரியாகவில்லை. சளி என்றார், வெயில் என்றார். கடைசியில் அம்மா பிடிவாதமாகப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். குரல்வளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. அது வளர்ந்திருந்த அளவுக்குக் குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவதுதான் வழி என்றார் டாக்டர். நாற்பது வயதைத் தாண்டிய பெண்மணி. நேராகப் பேசுபவர். மருந்துச் சீட்டின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் இரண்டு குழாய் வரைந்தார். "பின்னால் இருப்பது உணவுக்குழாய். இது மூச்சுக்குழாய். இதைக் கழுத்தில் ஒரு ஓட்டையாக வெளியே கொண்டு வந்துவிடுவோம். இனிமேல் மூச்சு இந்த வழியாகத்தான். ரெண்டு குழாய்க்கும் நடுவில் ஒரு சின்ன வால்வு வைத்தால் திரும்பப் பேசலாம்."

அப்பா அந்தச் சீட்டை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் சொன்னார்.

"நான் பண்ணிக்க மாட்டேன்."

"ஏம்ப்பா? பேச முடியும்னு அவங்களே சொல்றாங்களே."

"எதால பேசறது? பேசறதத்தான் அறுத்து எடுத்துர்றாங்களே. ஊமையா குந்தினு இருக்கறதுக்கு நான் இப்டியே போய்டறேன்."

வீட்டில் நான் வாயால் விளக்கிப் பார்த்தேன். அம்மா அழுது பார்த்தாள். முடிவெடுக்க டாக்டர் மூன்று வாரம் கொடுத்திருந்தார். நாலாவது நாள் ஸ்டுடியோவில் ஒரு இதய வால்வின் இதழ்களைத் திறந்து மூடவைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. உலகத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் டாக்டர்களுக்கு, அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்த உடம்பை, இவ்வளவு அழகாகக் காட்டுகிறேன். என் அப்பாவின் கையில் இருப்பது ஒரு பால்பாயின்ட் கிறுக்கல்.

மதாமிடம் போய் இரண்டு வாரம் லீவு கேட்டேன். காரணத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வீட்ல எதுல செய்வ?"

"லேப்டாப்ல."

"அதுல ரெண்டு வாரத்துல ஒரு மூக்குகூட ரெண்டர் ஆயி படமா வராது. லீவெல்லாம் வேணாம். இங்கயே செய். ஒன் வால்வ நான் முடிச்சுத் தரேன்."

மருத்துவமனையில் அப்பாவின் ஸ்கேனைக் கேட்க அவருடைய கையெழுத்து வேண்டியிருந்தது. "என் கழுத்துதான, எடுத்துக்கோ" என்று போட்டுக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. கை நகர்ந்த பிறகு வேலை நகர்ந்தது. ஒவ்வொரு துண்டுப் படத்திலும் எலும்பு ஒரு நிறம், குருத்தெலும்பு ஒரு நிறம், காற்று இருக்கும் இடம் ஒரு நிறம் என்று டேப்லெட் பேனாவால் தீட்டிக்கொண்டே போகவேண்டும். பாதி வேலையை மென்பொருளே செய்யும். ஆனால் கட்டி இருக்கும் இடத்தில் அதற்கு எது எது என்று தெரியாது. கையால்தான் பிரிக்க வேண்டும். எல்லாத் துண்டுகளையும் அடுக்கி மேலே ஓட்டினால் ஒரு கழுத்து எழுந்து நிற்கும். அப்பாவின் குரல்வளை எழுந்து நின்றது. இடது பக்கத்தில் அந்தக் கட்டி. ஒரு நெல்லிக்காய் அளவுகூட இல்லை. எதிரியின் முகத்தைப் பார்த்துவிட்டதில் எனக்கு ஒரு தைரியம் வந்தது.

நான் மாட்டிக்கொண்டது உணவுக்குழாயில். ஸ்கேனில் அது சரியாகவே தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டபோது சிரித்தார். "குழாய்னு பேருதான். சாப்பாடு போகாதப்போ அது காலித் துணிப்பை மாதிரி ஒட்டிக்கெடக்கும்." ஆபரேஷனுக்குப் பிறகு குரல் உண்டாகும் இடமே அதுதான். விரலால் கழுத்து ஓட்டையை மூடினால் நுரையீரல் காற்று வால்வு வழியாக உணவுக்குழாய்க்குள் போகிறது. அதன் மேல்பகுதிச் சவ்வு அதிர்கிறது. அந்தச் சத்தத்தை நாக்கும் உதடும் பேச்சாக்குகின்றன. ஊதிய பலூனின் வாயை இரு பக்கமும் இழுத்துப் பிடித்தால் கீச்சென்று கத்துமே, அதே சங்கதி. ஆபரேஷன் ஆன ஒரு நோயாளியின் தொண்டைக்குள் எடுத்த கேமரா பதிவை டாக்டர் காட்டினார். அந்தச் சவ்வின் மடிப்புகள் அதிர்வதை மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். பிறகு அதை அப்படியே என் மாடலில் அதிரவைத்தேன். நான் அதுவரை செய்ததிலேயே கடினமான பத்து நொடிகள் அவை.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பை அப்பாவுக்கு எதிரில் வைத்தேன். நாலு நிமிடப் படம். முழுசாகப் பார்த்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த ஆளுக்கு ஏன் மூஞ்சி இல்ல?" என்றார்.

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன்.

"சரி. நீ அந்த வால்வுன்றியே, சாப்ட்டா அது வழியா சோறு நெஞ்சுக்குள்ள போய்டாதா?"

"ஒரு பக்கம்தான் தொறக்கும்ப்பா."

"அப்ப மூக்கு எதுக்கு? வாசன தெரியுமா? தும்மல் வந்தா எங்கிருந்து வரும்? தலைக்குத் தண்ணி ஊத்துனா உள்ள போய்டுமே. சூடா டீ குடுத்தா ஊதி ஆத்த முடியுமா? தூங்கறப்ப துணி வந்து மூடிக்கிச்சுன்னா?"

கேட்டுக்கொண்டே போனார். கரகரத்த தொண்டையில் இருமிக்கொண்டே கேட்டார். நான் ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் நிறைந்தது. எழுதும்போது எனக்குக் கோபமாகக்கூட இருந்தது. சவ்வு அதிர்வதை இவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறேன், இவர் டீயைப் பற்றிக் கேட்கிறார். ஆனால் மறுநாள் டாக்டர் அந்த நோட்டை வாங்கிப் படித்தபோது அவர் முகம் மாறியது.

"இதுல பாதிய என்கிட்ட யாருமே கேட்டதில்லம்மா," என்றார். "கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு, வேணாம்னு எழுந்து போயிடுறாங்க."

வரிசையாகப் பதில் சொன்னார். தும்மலும் இருமலும் கழுத்து வழியாகத்தான் வரும், கைக்குட்டையை அங்கே பிடிக்க வேண்டும். குளிக்கும்போது கழுத்துக்கு ஒரு மறைப்பு உண்டு. டீயை ஊத முடியாது, டம்ளரில் ஆற்ற வேண்டும். வாசனை குறையும், ஆனால் வாயை மூடிக்கொண்டு கொட்டாவி விடுவதுபோல் தாடையை இறக்கினால் மூக்குக்குள் கொஞ்சம் காற்று போகும், பழகப் பழக வாசனை தெரியும்.

படத்தை முதலிலிருந்து செய்தேன். இந்த முறை சவ்வில் தொடங்கவில்லை, டீயில் தொடங்கினேன். முகம் வைத்தேன். ஸ்கேனிலேயே அப்பாவின் தாடையும் மூக்கும் இருந்தன. அதன் மேல் மாநிறத் தோல், நரைத்த மீசை, கட்டம் போட்ட சட்டை. எங்கள் ஸ்டுடியோவின் திரையில் எங்கள் ஊர் ஆள் ஒருவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வேலை நடுவில் எழுந்து வந்து எல்லோரும் பார்த்தார்கள். மதாம் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "காத தப்பா போட்ருக்க. ஒங்கப்பாவுக்கு மடல் ஒட்டியிருக்கும், நான் பாத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

குரல் ஒன்று மிச்சம் இருந்தது. இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவருடைய குரல், மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் பதிவாக இருந்தது. பேசியவரிடமே அனுமதி கேட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் குரலுக்கு ஏற்றபடி திரையிலிருந்த அப்பாவின் உதடுகளை அசைய வைத்தேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. அப்பா தன் முகத்தைத் திரையில் பார்த்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். திரையில் இருந்தவர் டீ ஆற்றினார், குளித்தார், தும்மினார். கடைசியில் கட்டைவிரலைக் கழுத்தில் வைத்துக் கரடுமுரடான ஒரு குரலில், "வணக்கம். நான் நல்லா இருக்கேன். ரெண்டு வருசமா வேலைக்குப் போய்க்கினு இருக்கேன்" என்றார்.

"இது யாரு கொரலு?"

"ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒருத்தருப்பா. நெசமான கொரலு."

"அந்த ஆளு இன்னா வேல பாக்கறாரு?"

"மீன் ஏலம் விடறவரு."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பயும் ஏலம் விடறாரா?"

"இப்பயும்தான்."

அப்பா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து அந்தக் கடைசி இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை முடிந்ததும், "தேதி கேளு" என்றார். சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா என் போனை எடுத்து வந்து கையில் கொடுத்தாள்.

ஆபரேஷன் நாள் முழுக்க நடந்தது. நானும் அம்மாவும் தாழ்வாரத்தில் காத்திருந்தோம். எந்த நேரத்தில் எதை அறுப்பார்கள், எதைத் தைப்பார்கள் என்று படம் படமாக எனக்குத் தெரியும். அது உதவி என்று சொல்ல முடியாது. மாலையில் டாக்டர் வெளியே வந்து, கட்டியை முழுதாக எடுத்தாயிற்று, வால்வையும் வைத்தாயிற்று என்றார்.

மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாயுடன் அப்பா இரண்டு வாரம் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நர்ஸுகளுக்கே வேலை சொன்னார். பக்கத்துக் கட்டில்காரருக்குத் தைரியம் எழுதிக் காட்டினார். காயம் ஆறிய பிறகு ஒரு காலையில் பேச்சுப் பயிற்சிப் பெண் வந்தார். டாக்டரும் பின்னால் வந்து நின்றார்.

"ஐயா, மூச்ச இழுத்துக்கிட்டு, விரலால மூடிக்கிட்டு, 'ஆ'ன்னு சொல்லுங்க."

முதல் தடவை வெறும் காற்று. இரண்டாவது தடவை இருமல். மூன்றாவது தடவை கட்டைவிரலைக் கொஞ்சம் மாற்றி வைத்தார். "ஆ" என்று ஒரு சத்தம் வந்தது. கனத்த, கரடான, ஆனால் சந்தேகமே இல்லாத மனிதக் குரல். பயிற்சிப் பெண் இன்னொரு "ஆ" கேட்க வாயெடுப்பதற்குள் அப்பா திரும்பவும் மூச்சை இழுத்தார்.

"டீ கெடைக்குமா?"

டாக்டர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அம்மா அழுதாள், சிரித்தாள், டீ வாங்க ஓடினாள். அந்த மூன்று நொடிகளில் காற்று எங்கே கிளம்பி, எங்கே திரும்பி, எந்த மடிப்பை உரசிக்கொண்டு வெளியே வந்தது என்று அந்த அறையில் நான் கண்ணால் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

கதிர்வீச்சு சிகிச்சையும் முடிந்து வீடு திரும்பியபின், ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஒன் படத்துல ஒரு தப்பு."

"இன்னாப்பா?"

"கட்டவெரல தட்டையா வெச்சிருக்க. அப்டி வெச்சா காத்து ஒழுவுது. இப்டி சாச்சு வெக்கணும்."

கழுத்தில் வைத்துக் காட்டினார். நான் அதை எல்லாப் பக்கத்திலிருந்தும் போனில் படமெடுத்துக்கொண்டு போய்த் திருத்தினேன். திருத்திய படத்தைத்தான் டாக்டர் தன் அறையில் மற்ற நோயாளிகளுக்குக் காட்ட ஆரம்பித்தார். முன்பெல்லாம் எழுந்து போனவர்கள் இப்போது உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள் என்றார். அடுத்த வருடம் புதுச்சேரியில் நடந்த அறுவை மருத்துவர்கள் கூட்டத்தில் அதைத் திரையிடச் சொல்லி என்னை மேடையேற்றினார். படம் முடிந்ததும் வட மாநிலத்திலிருந்து வந்திருந்த மூத்த மருத்துவர் ஒருவர் எழுந்து, நான் எந்த மருத்துவக் கல்லூரியில் படித்தேன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "விலங்கியல் சார், பி.எஸ்சி." என்றேன். அரங்கம் கைதட்டியது. தங்கள் மொழியிலும் அந்தப் படம் வேண்டும் என்று அன்றைக்கே நாலு பேர் என்னிடம் எண் வாங்கிக்கொண்டு போனார்கள். முன்வரிசையில் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதாம் அடுத்த திங்கட்கிழமை ஸ்டுடியோவில் ஓர் அறையைக் காலி செய்து கொடுத்தார். நோயாளிகளுக்கான படங்கள் செய்ய மட்டும் ஒரு பிரிவு. பொறுப்பு என்னுடையது.

அந்த அறைக்கு வந்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோணாங்குப்பத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுபவர். டாக்டர்தான் அனுப்பியிருந்தார். அவரும் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். படத்தைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தண்ணில வுழுந்துட்டா?"

என் படத்தில் குளிப்பதற்குப் பதில் இருந்தது, விழுவதற்கு இல்லை. டாக்டரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. கழுத்து வழியாக நேரே நுரையீரலுக்குத் தண்ணீர் போகும், நீந்துவது என்பதே இனி கிடையாது என்றார். இதை எப்படிக் காட்டுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். பயமுறுத்தக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. படகுத் துறைக்கே போய் அவர் வேலை செய்வதைப் பார்த்து வரைந்துகொண்டேன். படகு ஓட்டுவதை விட்டுவிட வேண்டும், படகுத் துறையில் நின்று செய்யும் வேலை செய்யலாம், எஞ்சின் இரைச்சலுக்குப் பக்கத்தில் இந்தக் குரல் எடுபடாது, சைகையால் பேச வேண்டியிருக்கும் என்று மூன்று காட்சிகள் சேர்த்தேன். உள்ளதை உள்ளபடி காட்டிய அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவர், "சரி, நெசத்த சொல்லிட்டீங்க" என்று எழுந்தார். அடுத்த வாரம் மருத்துவமனையில் சேர்ந்தார்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு மதியம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் காது கிழியும் இரைச்சல். அதற்கு நடுவிலிருந்து ஒரு கரகரத்த குரல்.

"பாப்பா, நான் நோணாங்குப்பத்துலேர்ந்து பேசறேன். படகுக்காரன்."

"சொல்லுங்கண்ணா. எப்டி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன். படகுத் தொறைல நின்னு ஆள ஏத்தி வுடறேன். ஒன் படத்துல எஞ்சின் பக்கத்துல நின்னா கொரலு கேக்காதுன்னு போட்ருந்தியே."

"ஆமாண்ணா."

"இப்ப ரெண்டு எஞ்சின் ஓடுது, நடுவுல நின்னுதான் பேசறேன். கேக்குதா?"

ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கேட்கிறது என்றேன். "அப்ப அத மாத்திடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிரான்சுக்கு அனுப்ப வேண்டிய வேலை ஒன்று திரையில் பாதியில் நின்றிருந்தது. அதை மூடி வைத்துவிட்டு, அவருடைய படத்தைத் திறந்து, மூன்றாவது காட்சியைத் திருத்த உட்கார்ந்தேன்.